'யார்?' என்று கேட்கும் பட்டறையில் 'ஏன்?' என்று கேளுங்கள்

மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம், செய்யூர் பக்கத்துக் காலனிகளிலிருந்து பொறியியல் பட்டமும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகள் பலர் காலையில் ரயிலைப் பிடித்து சிங்கப்பெருமாள்கோவிலிலும் மறைமலைநகரிலும் இறங்குகிறார்கள். பல வீடுகளில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. ஆனால் எல்லோருக்கும் பெரிய கம்பெனியின் கேட் திறப்பதில்லை. பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கும். அதற்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சிறு பட்டறையில்தான் பலருக்கு வேலை கிடைக்கிறது. இரண்டு சிஎன்சி, மூன்று பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பத்துப் பதினைந்து ஆட்கள். அவ்வளவுதான் தொழிற்சாலை.

அங்கே ஒரு நாள் ஜாப் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். உடனே எழும் கேள்வி, 'யார் ஓட்டினது?' என்பதுதான். இந்தக் கேள்வி மேலிருந்து கீழாகவே இறங்கும். முதலாளி சூப்பர்வைசரைக் கேட்பார், சூப்பர்வைசர் ஆப்பரேட்டரைக் கேட்பார், ஆப்பரேட்டர் ஹெல்பரைக் காட்டுவார். ஹெல்பருக்குக் கீழே காட்ட ஆள் இல்லை. அவன் காலனிப் பையனாகவோ, வடமாநிலத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியாகவோ இருப்பான். கூலி பிடித்தம் அவனுக்கு. பழுது மட்டும் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் ஜாப் மீண்டும் ரிஜெக்ட் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஷாஃப்ட். டிராயிங்கில் 50.000-க்கும் 49.975-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஆப்பரேட்டர் கடைந்து எடுத்ததும் அளக்கிறார். 49.985. சரியான அளவு. வாங்கும் கம்பெனியில் அளந்தால் 49.968. ஒல்லியாகிவிட்டது. கடைந்து போன இரும்பை மறுபடி ஒட்ட முடியாது. மொத்தமும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

யாரும் பொய் சொல்லவில்லை. எஃகு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். மெஷினிலிருந்து இறங்கும்போது ஷாஃப்ட் 60 டிகிரி சூட்டில் இருந்து, அளக்கும் அறையில் 30 டிகிரிக்கு ஆறினால், 50 மி.மீ. விட்டத்தில் ஏறக்குறைய 0.017 மி.மீ. குறையும். தலைமுடியின் கனத்தில் கால் பங்குதான் இருக்கும். ஒரு லாட் முழுவதும் வீணாக அது போதும்.

ஷாஃப்ட் ஏன் அவ்வளவு சூடானது? கூலன்ட் சரியாக விழவில்லை. ஏன்? குழாய் அடைத்திருக்கிறது. ஏன்? ஃபில்டர் நிறைய இரும்புத் துகள். ஏன்? அதை எந்தக் கிழமை, யார் சுத்தம் செய்வது என்ற ஏற்பாடே பட்டறையில் இல்லை. 'யார்?' என்று தொடங்கியிருந்தால் ஒரு ஆளின் கூலி போயிருக்கும். 'ஏன்?' என்று தொடங்கியதால் குறை நிர்வாகத்தின் ஏற்பாட்டில் இருப்பது தெரிகிறது. ஜப்பானின் டொயோட்டா கம்பெனியில் உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ இதைத்தான் ஐந்து முறை 'ஏன்' கேட்பது என்று பழக்கினார். நின்றுபோன மெஷினுக்கு ஃபியூஸை மட்டும் மாற்றினால் அது மறுபடியும் நிற்கும் என்று விளக்கினார்.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது நான்கே பழக்கங்கள். முதலில், மேசையில் உட்கார்ந்து யோசிக்காமல் மெஷின் பக்கத்தில் போய் நில்லுங்கள். இருபது வருடம் லேத் ஓட்டியவரிடம் 'அண்ணே, சத்தம் எப்போது மாறியது?' என்று கேளுங்கள். பட்டம் இல்லாத அவருடைய காதுக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாதது தெரியும். இரண்டாவது, அளக்காமல் பேசாதீர்கள். 0.02 மட்டுமே காட்டும் வெர்னியரை வைத்து 0.025 இடைவெளி உள்ள ஜாப்பைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மைக்ரோமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். ஜாப் ஆறிய பிறகு அளவெடுங்கள். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டூல், வேகம், கூலன்ட் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. நான்காவது, எழுதி வையுங்கள். தேதி, ஷிஃப்ட், மெஷின், அளவு, என்ன மாற்றினோம், என்ன ஆனது, அந்த யோசனையைச் சொன்னது யார் என்பது வரை.

இந்த நான்காவது பழக்கம்தான் நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. சிறு பட்டறையில் தொழில் நுணுக்கம் உறவு பார்த்துக் கைமாறுகிறது. முதலாளியின் சொந்தக்காரப் பையனுக்கு செட்டிங் கற்றுத் தருவார்கள். நம் பையன் இன்ஜினியராகவே இருந்தாலும் பிசிர் எடுக்கும் வேலையில் ஆண்டுக்கணக்கில் நிற்பான். அவன் சொன்ன யோசனை பலித்தால் அடுத்தவர் பெயரில் போகும். தவறினால் அவன் பெயரிலேயே நிற்கும். தேதி போட்ட நோட்டுப் புத்தகம் இதற்கு ஒரு சாட்சி. சாதியை அது ஒழித்துவிடாது. ஆனால் பழியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாதபடி குறுக்கே நிற்கும்.

மதுராந்தகம் ஏரி என்றதும் ஏரிகாத்த ராமர் கதை நினைவுக்கு வரும். கலெக்டர் லயோனல் பிளேஸின் பெயரும் அந்தக் கதையில் நிலைத்துவிட்டது. செங்கல்பட்டுச் சீமையின் ஏரிகளில் மடையைத் திறந்து மூடி, கரையில் கசிவைக் கண்டு அடைத்து, கடைமடை வயல்வரை தண்ணீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நம் மக்கள். அதுவும் பொறியியல்தான். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பட்டறையிலும் அதே நடக்க நாம் விடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நாளை நீங்களே சூப்பர்வைசர் ஆகும்போது, கீழே நிற்கும் பீகார் பையனைப் பார்த்து 'யார் ஓட்டினது?' என்று கத்தாதீர்கள். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையும் மேல் கீழாகப் பிரித்து வைக்கிறது என்று 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். அந்த ஏணியில் ஒரு படி ஏறிவிட்டு அதையே காவல் காப்பது நம் வேலை அல்ல.

'தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்பதை விட்டுவிட்டு மைக்ரோமீட்டரைப் பற்றிப் பேசுகிறீர்களே' என்று சிலர் கேட்கலாம். அந்தக் கோரிக்கையை விட முடியாது. ஆனால் கையில் இருக்கும் உரிமைகளைப் பயன்படுத்தவும் தொழில் தெரிய வேண்டும். 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்திலேயே, குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளின் பயிற்சி இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் பொருள்களில் 4 விழுக்காடு நம்மவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது கொள்கை. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் கிடைக்கும். மானியம் மெஷின் வாங்கித் தரும். ரிஜெக்ட் ஆன ஜாப்பைச் சரிசெய்து தராது.

மகாராஷ்டிரத் தலித் குடும்பத்தில் பிறந்த அசோக் காடே, மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து வரைபட வேலை கற்றார். அவருடைய அண்ணன் அங்கே வெல்டர். அந்த அனுபவத்தை முதலாக வைத்தே சகோதரர்கள் சேர்ந்து கடலில் எண்ணெய் மேடைகள் கட்டும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பெரிய ஆலை மூடினால் அதை நம்பிய சிறு பட்டறைகளும் தடுமாறும். ஒரு மெஷினில் ஒரு பட்டனை மட்டும் அழுத்தப் பழகியவர் அப்போது தெருவில் நிற்பார். பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரை இன்னொரு பட்டறை கூப்பிடும்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. மாவட்டத்தின் அரசு ஐடிஐ பட்டறைகளைச் சனிக்கிழமைகளில் ஆதிதிராவிடர் நல விடுதிகளின் பொறியியல், டிப்ளமா மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒரு லேத், ஒரு மைக்ரோமீட்டர், ஓய்வுபெற்ற ஆப்பரேட்டர் ஒருவர் இருந்தால் போதும். கல்லூரியை விட்டு வரும்போதே நம் பிள்ளைகளின் கை இரும்பைத் தொட்டிருக்கும். முதல் ரிஜெக்‌ஷன் அன்று அவர்கள் தலை குனியாமல் 'ஏன்?' என்று கேட்பார்கள்.