பழம்புடவைக்கு ஒரு புதுவாழ்வு

சென்ற மாதம் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வாசலில் குரல் கொடுத்தார். காலஞ்சென்ற நம் தாயார் உடுத்தி நைந்த மூன்று நூல்புடவைகளுடன் எழுந்து போன நாம், பேரம் படியுமுன்பே திரும்பிவிட்டோம். கொடுக்கவும் மனமில்லை, பெட்டியில் வைத்தாலோ பூச்சிக்கு இரை!

இதற்கு வங்காளத்து ஸ்திரீகள் வெகு காலத்துக்கு முன்பே வழி கண்டிருக்கிறார்கள். பழம்புடவைகளை அடுக்கி அவர்கள் தைக்கும் போர்வைக்குக் ‘காந்தா’ என்று பெயர். நம் ‘கந்தை’க்கு உறவான சொல். பூவேலைக்கு வேண்டிய வர்ண நூலையும் அந்நாளில் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். அத்தகைய போர்வைகளுக்கென்றே 2009-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது.

நாமும் கற்கத் துணிந்தோம். தனி அறை வேண்டியதில்லை. கூடத்து ஜன்னலோரம் ஒரு பாய். இடது தோள்புறம் வெளிச்சம். ஊசி, நூல், கத்தரிக்கு ஒரு பிஸ்கோத்து டப்பா. அவ்வளவே.

முதல் நாள் ஓரத்திலிருந்து தைத்தோம். நடுவில் துணி உப்பி நின்றது. பிரித்துவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய தையல்களாகத் தற்காலிகமாக நூலோட்டினோம், அடுக்குகள் அடங்கின. அதன்மேல் சிறு ஓட்டுத் தையல். நூலை இறுக்கினால் துணி சுருங்குகிறது. தளர்த்தினால் அடுக்கு நழுவுகிறது. பதம் விரலுக்குத்தான் தெரியவேண்டும்.

இதுவரை முடிந்தது இரண்டு சாண் அகலமே. அதன்மேல் தலைவைத்து நம் கடைக்குட்டி, “பாட்டி வாசனை” என்றாள்.

பாத்திரக்காரர் நேற்றும் குரல் கொடுத்தார். நாம் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.