ஒளியை ஒலிக்குப் பின்னால் தள்ளிய பள்ளித் தளம்

ஒளியின் வேகம் விநாடிக்கு 3 × 108 மீட்டர். ஒரு பள்ளியின் இணையத்தளத்தில் இப்படி இருந்தால் என்ன நினைப்பீர்கள்? பெருக்கிப் பாருங்கள், 324 மீட்டர்தான் வரும். காற்றில் ஒலியே ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. அப்படியானால் இடி முழங்கிய பிறகுதான் மின்னல் தெரிய வேண்டும்!

ஆசிரியர் எழுதியது என்னவோ 3 × 10⁸ தான். எட்டை மேலே தூக்கி நிறுத்த எச்.டி.எம்.எல். மொழியில் ‘சூப்’ என்றொரு குறி உண்டு. ‘சேமி’ பொத்தானை அழுத்தியதும், பள்ளிக்குக் கொடுக்கப்பட்ட பதிவேற்ற முறைமை அந்தக் குறியைக் கழற்றி எறிந்துவிடுகிறது. எட்டு கீழே இறங்கிப் பத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நான் பாடக்குறிப்பு ஏற்றும் தளத்திலும் இதே கதைதான். 10⁻³ என்பது 10-3 ஆகிவிடும். நான்காம் படிவ மாணவர் ஒருவர் அதை ஏழு என்று கணக்கிட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

முறைமையை அமைத்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தம் பக்கத்தில் ஒரு சிறு நிரலை மறைத்து வைத்தார். ஒரே நாளுக்குள் அது 10 லட்சத்துக்கும் அதிகமானோரின் பக்கங்களுக்குத் தொற்றியது. அந்தத் தளத்திலும் வடிகட்டி இருந்தது. ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லைக் கண்டால் நீக்கிவிடும். அவர் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து இரண்டு வரியாக எழுதினார். வடிகட்டி ஏமாந்தது. சில உலாவிகளோ உடைந்த சொல்லைத் தாமாகவே சேர்த்துப் படித்து நிரலை இயக்கின. தப்பும் தவறுமான குறிகளையும் ஒப்பேற்றிக் காட்டும் உலாவிகளின் தாராள மனம்தான் இங்கே திருடனுக்குக் கதவைத் திறந்தது. அதே தாராளத்தால்தான் பள்ளித் தளங்களில் மூடப்படாத குறிகள் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன.

ஆகவே பூட்டு வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ‘சூப்’, ‘சப்’ ஆகிய இரண்டையும் வேறு பண்புகள் எதுவும் ஒட்டாமல் வெறுமனே அனுமதித்தால் அவற்றால் எந்த நிரலையும் இயக்க முடியாது. அவற்றையும் சேர்த்துத் தடுப்பது பாதுகாப்பாகாது. சோம்பல் என்றே சொல்வேன்.

இதைவிட எனக்கு உறுத்துவது மொழிக்குறி. ஒவ்வொரு பக்கமும் தான் எந்த மொழியில் உள்ளது என்று அறிவிக்க வேண்டும். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் பொதுவாக அதைப் பார்த்தே குரலைத் தேர்கிறது. பல முறைமைகளின் சட்டகத்தில் ‘ஆங்கிலம்’ என்று நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியரால் அதைத் தொட முடியாது. தமிழ்மொழிக் கழகத்தின் அறிவிப்பை ஆங்கிலக் குரல் படிக்க முயன்றால் பார்வையற்ற மாணவருக்கு என்ன கேட்கும்? உளறல் கேட்கலாம், ஒன்றுமே கேட்காமலும் போகலாம். இத்தனைக்கும் மொழியை அறிவிப்பது 2008இல் வந்த இணைய அணுகுதன்மை வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பில் மிக அடிப்படையான நிலையில் உள்ள விதி. 2012இல் அந்த வழிகாட்டி ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது.

ஆசிரியர்கள் சும்மா இருப்பதில்லை. சமன்பாட்டைப் படமாக்கி ஒட்டிவிடுகிறார்கள். நோயைவிடக் கொடிய மருந்து இது. படத்துக்கு மாற்று விளக்கம் எழுதப் பெட்டி இல்லாத முறைமையில், பார்வையற்றவருக்கு அந்தச் சமன்பாடே இல்லாமல் போகிறது. யுனிகோடில் ⁸, ₂ போன்றவை தனி எழுத்துகளாகவே இருக்கின்றன. அவை குறிகள் அல்ல என்பதால் வடிகட்டி பெரும்பாலும் விட்டுவிடும். இப்போதைக்கு நான் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். சில திரைவாசிப்பான்கள் அவற்றையும் தாண்டிப் போய்விடும் என்பதால் முக்கியமான இடங்களில் ‘10இன் 8ஆம் அடுக்கு’ என்று சொல்லாகவும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் பெற்றோராக இருந்தால் உங்கள் பள்ளித் தளத்தின் முகவரியை உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் இலவசச் சரிபார்ப்புக் கருவியில் இட்டுப் பாருங்கள். வரும் பிழைப் பட்டியலை ஆசிரியரிடம் நீட்ட வேண்டாம். அதில் பெரும்பகுதி அவர் கை எட்டாத சட்டகத்தில் இருக்கக்கூடும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். முறைமைக்கான ஒப்பந்தம் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது மேல்குறி, கீழ்குறி, மொழிக்குறி, படத்துக்கான மாற்று விளக்கம் ஆகிய நான்கும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.