அது மெக்கானிக் வேலையா?

‘அது மெக்கானிக் வேலை’ என்னும் தொடரை நம் வளாகங்களில் அடிக்கடி கேட்கலாம். பழைய கார் ஒன்றின் எரிபொருள் வடிகட்டியை விடுதி வாசலில் தாமே மாற்றிக்கொள்ளும் ஆய்வு மாணவரைக் கண்டால் பேராசிரியர்கள் அதைக் கனிவோடு சொல்வார்கள், சக மாணவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சொற்பொருள் அளவில் அது ஒரு வகைப்பாடுதான். ஆனால் அது வேலையை வகைப்படுத்துவதில்லை, ஆளை வகைப்படுத்துகிறது. படித்தவன் கையில் பெட்ரோல் நாற்றம் இருக்கக்கூடாது என்பதே அதன் உட்கிடை. இந்த உட்கிடையை எதிர்த்தே எழுதுகிறேன்.

‘சில நூறு ரூபாய்க்கு முடிகிற வேலைக்கு ஒரு காலைப்பொழுதை வீணாக்குவதா?’ என்பது இதே கருத்தின் நாகரிகமான வடிவம். உதவித்தொகை மூன்று மாதம் தாமதமாக வரும் ஆய்வாளரிடம் இதைச் சொல்பவர்களுக்குத் தனியாக விடை தேவையில்லை.

வடிகட்டி செய்வது எளிய பணி. தொட்டியிலிருந்து வரும் பெட்ரோலில் உள்ள துருவும் தூசும் கார்புரேட்டரின் நுண்துளைகளுக்குப் போகாமல் மடிப்பு மடிப்பான தாள் ஒன்று தடுக்கிறது. அது அடைபட்டால் வண்டி சமதரையில் ஒழுங்காக ஓடும். மேட்டில் ஏறும்போதோ முந்திச் செல்ல மிதிக்கும்போதோ திணறும். ‘இழுவை இல்லை’ என்று தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் சொல்வது இதையும் சேர்த்துத்தான். இங்கே ஹைதராபாத்தில் ‘கச்சரா வந்துவிட்டது’ என்ற பொருளில் இந்தியும் தக்கனியும் கலந்த ஒரு வாக்கியத்தால் முடித்துவிடுகிறார்கள்.

இன்று இச்சிறு பொருள் முன்னைவிட முக்கியமாகிவிட்டது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கு முதலில் 2030-க்கு வைக்கப்பட்டு, பின்னர் 2025-க்கு முன்தள்ளப்பட்டு, நிறைவேறியும்விட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய இரும்புத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் படிந்த பிசினைக் கரைத்து, ஒட்டியிருந்த துருவைப் பெயர்த்து வடிகட்டியிடம் அனுப்பும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களை உப்பவைக்கும் அல்லது வெடிக்கவைக்கும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம், அது செலவு குறைந்தது, வழக்கமான சர்வீஸின்போதே செய்துகொள்ளலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் அளித்தது. ‘வழக்கமான சர்வீஸ்’ என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். கார்புரேட்டர் கார் ஒன்றுக்கு இன்று வழக்கமான சர்வீஸ் எங்கே நடக்கிறது? நிறுவனத்தின் பளபளப்பான கூடத்தில் அவ்வண்டியை ஏற இறங்கப் பார்ப்பார்கள். தெருவோரக் கடையில் முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இருந்தால் உண்டு. அவருக்குப் பின்? கொள்கை வகுத்தவர்கள் பொறுப்பை உரிமையாளர் தலையில் ஏற்றிவிட்டார்கள். உரிமையாளரோ அந்தப் பொறுப்புக்குத் தேவையான அறிவைத் தம் தகுதிக்குக் கீழானது என்று கருதிக்கொண்டிருக்கிறார்.

அந்த அறிவு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் வடிகட்டி எஞ்சின் அறையிலேயே, இரு குழாய்களுக்கு நடுவே, கையெட்டும் இடத்தில் இருக்கும். எஞ்சினை முழுக்க ஆறவிட்டு, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, அருகில் பீடியோ அடுப்போ இல்லை என்று பார்த்துக்கொண்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளிருக்கும் ஆவியழுத்தத்தை வெளியேற்றி மூடி, கீழே ஒரு தட்டு வைத்து, தொட்டிப் பக்கக் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளிப்புகளைக் குறட்டால் தளர்த்தி நகர்த்தி, குழாயை நேராக இழுக்காமல் முதலில் சற்றே திருகி ஒட்டு விடுவித்துக் கழற்ற வேண்டும். குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்புக் கண்டால் அதையும் மாற்ற வேண்டும்; புது வடிகட்டியும் பழைய குழாயும் என்பது கஞ்சத்தனத்தில் கொண்டுபோய் விடும் தீ. வடிகட்டியின் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். கிளிப்புகளைப் பொருத்தி, பேட்டரியை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, இணைப்புகளில் ஈரம் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்; விரலால் தடவியும் பார்க்கலாம். கசிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். சிந்திய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, துடைத்த துணியை மூடிய குப்பைத்தொட்டியில் திணிக்கக்கூடாது. முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும்.

‘ஆபத்தல்லவா?’ என்பது மதிக்கத்தக்க மறுப்பு. ஆம், ஆபத்துத்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, சற்றுத் தொலைவில் உள்ள நெருப்பையும் போய்த் தொடும். கார்புரேட்டருக்குப் பின்வந்த எரிபொருள் தெளிப்பு வண்டிகளிலோ குழாயில் மூன்று பார் அளவு அழுத்தம் நிற்கும்; பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சினைத் தானாக அணையவிட்டு அழுத்தத்தை இறக்காமல் இணைப்பைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். வடிகட்டி தொட்டிக்குள்ளேயே இருக்கும் வண்டிகளைக் கடைக்கே கொண்டுபோங்கள் என்றுதான் நானும் சொல்வேன். டீசல் வண்டியில் வடிகட்டியை மாற்றினால் ‘ஏர் எடுப்பது’ என்னும் தனி வேலை உண்டு. எல்லைகள் இவ்வாறு தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் இந்த ஆபத்துகளை அறிந்தவர் மட்டுமே எதைத் தாம் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தீர்மானிக்க முடியும். அறியாதவர் கடைக்குப் போனாலும், பாதி வெடித்த குழாயை விட்டுவிட்டு வடிகட்டியை மட்டும் மாற்றி அனுப்பினால் அவருக்குத் தெரியப்போவதில்லை.

என் துறைக்கு வருகிறேன். தமிழில் இவற்றை எழுத முடியாது, சொற்கள் இல்லை என்கிறார்கள். சொற்கள் குறைவில்லை: குறடு, திருப்புளி, அடைப்பு, கசிவு, இழுவை. இல்லாத இடத்தில் கிளிப்பும் பேட்டரியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன, தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. சிக்கல் தொடரியலில் இருக்கிறது. ஆங்கிலக் கையேட்டில் முதன்மை வினை முன்னே நின்று, நிபந்தனை பின்னே வரலாம். அதை அப்படியே பெயர்ப்பவர் ‘வடிகட்டி அகற்றப்பட வேண்டும். அதற்கு முன்னர் அழுத்தம் நீக்கப்பட்டிருத்தல் உறுதிசெய்யப்பட வேண்டும்’ என்று எழுதுகிறார். இரண்டாம் வாக்கியத்துக்கு வாசகர் வந்து சேரும்போது குழாய் கையில் இருக்கும். யார் அகற்ற வேண்டும், யார் உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் செயப்பாட்டு வினை விழுங்கிவிட்டது.

தமிழின் இயல்பு இதற்கு நேரெதிர். செய்து என்னும் வாய்பாட்டு எச்சங்கள் செயல்களை நிகழும் வரிசையிலேயே கோத்துக்கொண்டு போகும். ஆறவிட்டு, கழற்றி, இறக்கி, தளர்த்தி என்று. வரிசையை மாற்றினால் பொருளே மாறிவிடும். முற்றுவினை கடைசியில் நிற்பதால், முன்னெச்சரிக்கை எல்லாம் முடிந்த பின்பே ‘இழு’ என்ற கட்டளை வந்து சேரும். அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய, வரிசை தவறினால் கையைச் சுடும் வேலைகளைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எது? மேலே நான் எழுதிய நீண்ட வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள்; பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த சிறுவனுக்கு மேஸ்திரி சொல்லித்தரும் பேச்சின் அமைப்பும் அதுதான். வினையெச்சத்தைப் பற்றிக் கருத்தரங்கு கருத்தரங்காகப் பேசுகிற நாம் அந்தப் பேச்சில் ஒரு மணி நேரத்தையாவது பதிவு செய்திருக்கிறோமா?

இதற்கிடையே ‘உடல்சார் அறிவு’ குறித்த கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. மேற்கோள்களாலான கட்டுரைகள். சாதி என்பது உழைப்பின் பிரிவினை மட்டுமன்று, உழைப்பாளிகளையே பிரித்துப் படிநிலையில் அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-இல் வாதிட்டதை வகுப்பில் நடத்திவிட்டு, வெளியே வந்து ‘அது மெக்கானிக் வேலை’ என்கிறோம். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மைய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்து, வாகனங்களையும் அதன் வரம்பில் சேர்த்தது. கையேடும் உதிரிப்பாகமும் கிடைக்க வேண்டும் என்பது அவ்வுரிமையின் சாரம். கையேடு எந்த மொழியில், எந்தத் தொடரமைப்பில் கிடைக்க வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் மொழியியல் படித்தவர்கள். நான் அறிந்த வரையில் எந்தத் துறைக் கூட்டத்திலும் அப்பேச்சு எழவில்லை.

என் கோரிக்கை சிறியது. மொழிபெயர்ப்பியல் தாளில் மூன்று கவிதைகளுக்குப் பக்கத்தில் ஒரு பழுதுபார்க்கும் கையேட்டின் பத்துப் பக்கங்களையும் வையுங்கள். மதிப்பெண்ணைத் தேர்வாளர் இட வேண்டாம். மாணவர் பெயர்த்த பக்கங்களை, காரின் முன்மூடியை இதுவரை திறந்தறியாத ஒருவர் கையில் கொடுத்து, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, உரிய கூலியும் கொடுத்து, அவர் எந்த வரியில் ‘நில்’ என்று கத்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தடுக்கும் பல்கலைக்கழக விதி ஏதேனும் இருந்தால் அதன் எண்ணைப் பின்னூட்டத்தில் இடுங்கள்.