பேராதனையில் ஒரு பனை வரிசை



எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் 22 பேர் சேர்ந்து கண்டிக்குப் போய் வந்தோம். இதை எழுதலாமா என்றுகூட யோசித்தேன். "புருஷனைத் தேடித் திரியிறவளுக்குப் பூங்கா கேக்குதோ" என்று எங்களில் ஒருவரின் காதுபடவே ஊரில் கதைத்திருந்தார்கள். அவர் வரமாட்டேன் என்று நின்றார். மகள்தான், "போயிட்டு வாங்கோ அம்மா" என்று பையைக் கையில் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

பேராதனைத் தாவரவியல் பூங்கா கண்டி நகரிலிருந்து சுமார் 6 கிலோமீற்றர். 147 ஏக்கர் காணி. மகாவலி கங்கை அதைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் இங்கே அரசிருக்கை வைத்திருந்தான். பிறகு கண்டி மன்னர்களின் நந்தவனம். ஆங்கிலேயர் காலத்தில், 1821இல், அலெக்சாண்டர் மூன் என்பவர் இதைத் தாவரவியல் பூங்காவாக்கினார். அழகு பார்க்க மட்டுமல்ல, எந்தப் பயிரில் காசு வரும் என்று நட்டுப் பார்க்கவும்தான். முதலில் கோப்பியும் கறுவாவும். 1824இல் சீனாவிலிருந்து தேயிலைக் கன்று வந்தது. மலையகச் சகோதரிகள் முதுகில் கூடையோடு நிற்பதற்கு முன்கதை இந்த மண்ணிலும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இங்கேதான் இருந்தது. நான் இதைச் சொன்னதும் எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "பிறகு விட்டிட்டுப் போயிட்டாங்களோ?" என்று கேட்டார் ஒரு அம்மா. காணி இன்னும் விடுபடாமல் இருப்பவர் அவர்.

ஓர்க்கிட் வீடு, வாசனைத் திரவியத் தோட்டம், இராட்சத மூங்கில், ஆற்றின் மேல் தொங்குபாலம் எல்லாம் பார்த்தோம். பாலம் ஆடியபோது வயதானவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். மரங்களில் வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கின. 1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரமும் நிற்கிறது. மர நிழலெல்லாம் காதலர்கள். நாங்கள் பார்க்காத மாதிரி நடந்தோம். சீஷெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் மரமும் உண்டு. உலகத்திலேயே பெரிய விதை அதனுடையது. எங்கள் பனையைப் போல அதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.

நடக்க இடம் அதிகம். முழங்கால் நோ உள்ளவர்கள் பெரிய புற்றரையோடு நின்றுவிடலாம். அங்கே பாய் விரித்துச் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். குரங்குகள் கவனம்.

சாப்பிட்ட பிறகு திரும்பும் வழியில்தான் அந்தப் பாதை வந்தது. இரு பக்கமும் பனைகள், வரிசையாக. மலைநாட்டின் ஈரத்தில் எங்கள் பனை! வரமாட்டேன் என்று நின்றவர் முதல் ஆளாகப் போய் ஒரு மரத்தில் கை வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டும் அவர் வரவில்லை. கீழே விழுந்து கிடந்த ஓலையில் ஒரு கீற்றைக் கிழித்து, மகளுக்குக் கிலுகிலுப்பை பின்னிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பதினாறு வயது.