செப்பேடு சொல்லாத வரலாறு

திருவாலங்காட்டில் 1905-இல் கண்டெடுக்கப்பட்ட 31 செப்பேடுகள் சோழர் வரலாற்றின் தலையாய சான்றுகளுள் ஒன்று. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்கு முதலாம் ராஜேந்திர சோழன் அளித்த கொடையை அவை பதிவு செய்துள்ளன.

அதே பழையனூருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கணவனால் கொலையுண்டு பேயான நீலி, பழிதீர்க்க வந்தாள். அவனுக்கு உயிர்ப்பிணை நின்ற வேளாளர் எழுபது பேர், அவன் மாண்டதும் சொல் தவறாமல் தீப்பாய்ந்தனர் என்பது அக்கதை. சொல்பவர் மாறினால் கதையின் அழுத்தமும் மாறும். ஒருவர் வேளாளரின் வாய்மையைப் போற்றுவார். மற்றொருவர் கொலையுண்ட பெண்ணின் நியாயத்தைக் கேட்பார்.

செப்பேட்டைக் காக்க அருங்காட்சியகம் இருக்கிறது. வாய்மொழியைக் காப்பவர் யார்? பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ, சிறு விவசாயியோ, உள்ளூர் ஆர்வலரோதான். தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா. வானமாமலை 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி நாட்டார் கதைப்பாடல்களைத் தொகுத்தார். விவசாயியான கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களை அகராதியாக்கினார். கீழடியின் தொன்மையை முதலில் உணர்ந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ரஷ்யாவிலும், அரசால் நாடுகடத்தப்பட்ட ரிப்னிகோவ் என்னும் இளைஞர்தான் 1860-களில் ஒனேகா ஏரிக்கரை உழவர்களின் வீரகாவியப் பாடல்களை உலகறியச் செய்தார்.

இத்தகையோரின் பணியில் குறைகள் இல்லாமலில்லை. ஊர்ப் பெருமையும் சாதிப் பெருமையும் சான்றை மிஞ்சுவதுண்டு; சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்ற குறிப்பு விடுபடுவதுண்டு. அதற்கு மருந்து பயிற்சியே தவிர, புறக்கணிப்பன்று.

1960 வரை ஆந்திரத்தில் இருந்த திருத்தணி வட்டாரத்தில் இக்கவலை இருமடங்கு. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இங்கு, ஒரு மொழியை மட்டும் அறிந்தவர் தொகுத்தால் பாதி நினைவு விடுபட்டுப்போகும்.

தொகுப்பாளர் மறைந்தபின் அவருடைய குறிப்பேடுகள் பழைய தாள் கடைக்குச் செல்வதைத் தடுக்க, மாவட்ட மைய நூலகங்கள் அவற்றைப் பெற்று மின்னுருவாக்கலாம். அருகிலுள்ள கல்லூரிகள் பதிவுமுறையைக் கற்பிக்கலாம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை.

செப்பேடுகள் மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் காத்திருந்தன. ஒரு மூதாட்டியின் நினைவு அவ்வாறு காத்திராது.