சொட்டு நீரும் சேரிக்கு இல்லை

தண்ணீரைச் சேமிக்கச் சொட்டுநீர்ப் பாசனம். சிறு, குறு விவசாயிக்கு 100 சதம் மானியம், மற்றவருக்கு 75 சதம் என்கிறது தமிழக அரசு. நல்லதுதான். ஆனா வாங்குறது யாரு? சிட்டா, அடங்கல் உள்ளவன். கூலிக்காரனுக்கு அதெல்லாம் ஏது? 1892இல் வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமே பெரும்பாலும் கைமாறிப் போச்சு.

ஏரி மடை திறந்து, வரப்பு வரப்பாய் நடந்து, கடைமடைவரை தண்ணீரைப் பங்கு வைத்தவன் நீர்க்கட்டி. பல ஊர்களில் அவன் சேரிக்காரன். அவனுக்குக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்து போட்ட நெல். இப்ப குழாய் வந்தாச்சு. தண்ணி பாய்ச்சுற கூலியும் போகும்.

சேமிப்புக்குத்தான் மானியம் என்றால், தலைமுறையாய்ச் சேமித்தவனுக்கு எங்கே? யாருடைய மானியத்தையும் பறிக்கச் சொல்லவில்லை. பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு. நீர்க்கட்டிக்குச் சம்பளம் கொடு. மண் கைக்கு வராமல் மானியம் வராது, தோழர்களே!