நீச்சத்தண்ணியும் கொரியச் சாடியும்

கல்லூரி விடுமுறைக்குப் பேத்தி கடையநல்லூர் வந்திருக்கிறாள். பொழுதெல்லாம் கைபேசியில் கொரியத் தொடர்தான். அதில் எல்லாரும் கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ குடித்தார்கள். என்னவென்று கேட்டேன். "மக்கொல்லி தாத்தா, அரிசிக் கள்" என்றாள்.

வேகவைத்த அரிசியோடு நுருக் என்ற கோதுமைப் புளிப்புக் கட்டியும் தண்ணீரும் சேர்த்து, சாடியில் சில நாள் புளிக்க விடுவார்களாம். வயலில் உழைப்பவர்களின் பானம். அரிசித் தட்டுப்பாட்டால் 1960-களில் அரிசியில் அதைத் தயாரிக்க அங்கே தடை வந்தது. 1977-ல் தடை நீங்கியது. 2021-ல் அந்தக் கைப்பக்குவத்தையே தேசிய மரபாக அறிவித்துவிட்டார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையிலேயே வீட்டில் சமைத்த 'தோப்பி' என்ற அரிசிக் கள் வருகிறது. ஆனால் கள்ளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. குடியால் கெட்ட குடும்பங்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அதே அரிசி ஓர் இரவு ஊறிப் புளித்துத் தரும் நீச்சத்தண்ணியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஷாம்பெயின், போர்தோ என்பதெல்லாம் ஊர்ப்பெயர்கள், தங்கள் மண்ணில் விளைந்ததற்கு அந்த மண்ணின் பெயரையே வைத்துப் பெருமைப்படுகிறார்கள் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். அதைக் கேட்டு வளர்ந்த நான், எழுத்தர் வேலைக்குப் போனதும் என்ன செய்தேன்? அம்மா தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பிய பழையதை, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ரெக்கார்டு ரூமில் பீரோவுக்குப் பின்னால் நின்று குடித்தேன். ஒரு வாரத்தில், "ஆபீசுக்கு இது வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ஒடிசாக்காரர்கள் மார்ச் 20-ஐப் பகாள தினமாகக் கொண்டாடுகிறார்கள். பகாள என்பது நம் பழைய சோறுதான். நமக்கு விழாகூட வேண்டாம். கோடையில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் குளிர்பான பாட்டிலைத் திறக்காமல், மோர் மிளகாயோடு ஒரு செம்பு நீச்சத்தண்ணி கொடுக்கலாமே. போதை கிடையாது. இதைக் கொடுக்கக் கூச்சப்பட ஆரம்பித்தது நம் தலைமுறைதான். அதனால் முதலில் கொடுக்க வேண்டியவர்களும் நாமே.

இன்று காலை பேத்திக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் சுண்டக்கறியும். "உப்பு பத்தலை தாத்தா" என்றாள். என் இரத்த அழுத்தத்துக்காகக் குறைத்திருந்தேன். ஒரு சிட்டிகை போட்டதும், இரண்டாவது டம்ளரும் கேட்டாள்.

உங்கள் வீட்டில் பானை இன்னும் இருக்கிறதா?